ஒன்பதாம் தொகுதியை உங்கள் மீட்டராலேயே அளந்து பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஹெர்டிஸ் க்வால்னெஸ்,
மின்கார் பழுதுநீக்குநர்,
படகுத்துறைச் சாலை, ஸ்தெய்ன்விக்கா, நார்வே.

பெறுநர்:
நிலையத் தலைவர் அவர்கள்,
வாகன ஆய்வு நிலையம், ஸ்தெய்ன்விக்கா.

பொருள்: திரு. தோர்லெய்ஃப் பிரென்னாவின் காரிலிருந்து பேட்டரியைத் திறந்து பாராமலே எண் பலகைகள் கழற்றப்பட்டது – மறு ஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தோர்லெய்ஃபின் மனைவி ஓஸ்லௌக்குக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனை எழுபது கிலோமீட்டர். ஜனவரி 17 அன்று சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில், முப்பத்தெட்டு சதவீத சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த கார் சுரங்கப்பாதைக்குள் நின்றுவிட்டது. இழுவை வண்டி வரும்வரை ஐம்பது நிமிடம் அந்த அம்மாள் குளிரில் இருந்தார்.

2. விற்ற நிறுவனம் முழு பேட்டரியையும் மாற்ற வேண்டும், ஐந்து மாதம் ஆகும் என்றது. கார் என்னிடம் வந்தது.

3. பேட்டரி மூடியைத் திறந்து, தொகுதிக்கு நான்கு மின்கலமாக உள்ளிருந்த இருபத்து நான்கு தொகுதிகளையும் அளந்தேன். மின்சுமை ஏற்றியபோது மற்ற மின்கலங்கள் 3.6 வோல்ட்டில் நிற்க, ஒன்பதாம் தொகுதியில் ஒரு மின்கலம் மட்டும் 3.1க்குச் சரிந்தது. மின்னழுத்தத்தை அளக்கும் கம்பியின் கோளாறோ எனச் சந்தேகித்துக் கம்பிகளை இடம் மாற்றினேன். அதே மின்கலம்தான் மீண்டும் சரிந்தது. விபத்தில் நொறுங்கிய அதே ரக, அதே ஆண்டுக் கார் ஒன்றின் தொகுதியைச் சோதித்து, மற்றவற்றின் சார்ஜ் அளவுக்கு இரண்டு நாள் நிதானமாகக் கொண்டுவந்து, ஒன்பதாவதன் இடத்தில் பொருத்தினேன். மூடியைப் புதிதாக அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்தேன். பிறகு தோர்லெய்ஃபை அருகில் உட்காரவைத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை.

4. மார்ச் 4 அன்று, முழு பேட்டரியையும் மாற்றாத கார் ஆபத்தானது என்று விற்ற நிறுவனம் எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு, கார் சாலையில் ஓடக் கூடாதென உங்கள் ஆய்வாளர் எண் பலகைகளைக் கழற்றினார். அளந்து பாருங்கள் என்று மீட்டரை நீட்டினேன். “இங்க பாருங்க ஹெர்டிஸ், மூடியெல்லாம் கழட்ட எனக்கு நேரமில்ல. கம்பெனியே எழுதிக் குடுத்துட்டான், அப்புறம் நான் என்னத்த அளக்குறது?” என்றார். நேரமின்மை அவருடையது, தண்டனை ஓஸ்லௌக்குடையது.

5. பழுதுநீக்க அறிக்கையை உடனே உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அது என் தவறு, மறுக்கவில்லை. இப்போது இணைத்துள்ளேன்.

6. நோயாளிகளுக்கான வாடகைக் கார் இருக்கிறதே எனலாம். அது நான்கு பேரை நான்கு ஊரில் இறக்கிச் சுற்றி வருகிறது. சென்ற வெள்ளியன்று அதில் வந்து இறங்கியதும் ஓஸ்லௌக் தம் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தார். மறுநாள் பார்க்கப் போனேன். நெற்றியில் கட்டுடன் காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னார்: “என் ரத்தத்தையே வெளிய எடுத்து, சுத்தம் பண்ணி, திரும்ப உள்ள விடுறாங்க. அதுக்கு யாரும் தடை போடலியே. ஒரு பெட்டியத் தொறந்து சரி பண்ணதுதான் குத்தமா?” அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

7. மார்ச் 20, வியாழன் காலை ஒன்பது மணிக்குக் காரை இழுவை வண்டியில் உங்கள் முற்றத்துக்குக் கொண்டு வருவேன். மூடியை நானே திறப்பேன். உங்கள் ஆள், உங்கள் மீட்டரால், தொண்ணூற்றாறு மின்கலங்களையும் அளக்கட்டும். ஒன்று பிசகினாலும் என் பட்டறையை மூட உத்தரவிடுங்கள், கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறேன். பிசகவில்லையெனில் எண் பலகைகளை அன்றே, அங்கேயே திருப்பித் தாருங்கள். மாட்டுவதற்குத் திருப்புளி நான் கொண்டு வருகிறேன். வெள்ளி காலை எட்டு மணிக்கு ஓஸ்லௌக் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

இடம்: ஸ்தெய்ன்விக்கா
நாள்: 11.03.2025

வியாழனன்று வாசலில் நிற்கப்போகும்,
(ஒப்பம்) ஹெர்டிஸ் க்வால்னெஸ்

இணைப்பு: பழுதுநீக்க அறிக்கை, அளவுப் பட்டியல்.