கடைசிக் குட்டையில் இருநூற்றுப் பதினான்கு

பியர்பென் மலை, வட கரோலினா
செப்டம்பர் 14

அன்புள்ள டெல்ஃபியா அக்காவுக்கு,

தம்பி வெர்லின் எழுதுவது. நலம். உன் மகனுக்குப் பல் முளைத்துவிட்டதா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

கைக்குழந்தையோடு வர முடியாது என்று, இந்த ஆண்டு நம் ஓடையில் குஞ்சுகளை எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தாய். தண்ணீரில் வாழும் அந்தப் பல்லி போன்றவற்றை நீ சாலமாண்டர் என்பாய். இங்கே எல்லோருக்கும் அது ஓடைப்பல்லி, தூண்டிலில் கோக்கும் இரை. 214 என்று அனுப்பினேன். பன்னிரண்டு ஆண்டில் இதுதான் அதிகம் என்று குதித்தாய். "எவ்வளவு காஞ்சாலும் நம்ம ஓடை தாங்குதுடா" என்று அழுதாய். ஓடைக் கணக்கெடுப்பாளர்களின் அக்டோபர் கூட்டத்தில் படிக்கப் போவதாகவும் சொன்னாய்.

எண் பொய்யில்லை. ஆனால் ஆகஸ்டில் ஓடை ஓடவே இல்லை. ஊற்றிலிருந்து பாலம் வரை வெறும் கல். பெரிய பாறைக்கு அடியில் மட்டும் ஓர் அண்டா அளவு தண்ணீர். செவுளோடு இருக்கும் குஞ்சுகள் கரையேறிப் பிழைக்க முடியாதே. ஓடையில் மிஞ்சியது மொத்தமும் அதில் நெளிந்தது. எனக்கோ, இந்த வருஷம் நல்ல விளைச்சல் என்று தோன்றியது.

எண்ணி எண்ணி வாளியில் போட்டேன். திரும்ப விடவில்லை. மரம் அறுக்கும் மில் மூடியதிலிருந்து இரை பிடித்துத்தானே பிழைக்கிறேன். கிளீட்டஸின் தூண்டில் கடையில் விற்றேன். அவன் எட்டிப் பார்த்து, "டேய், ஓடையையே பெருக்கி அள்ளிட்டு வந்துட்டியாடா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் பத்து நாள் மீன் பிடிக்க விமானத்தில் வருகிறார்கள். பூட்டிய வீட்டிலும் ஏசி ஓடுகிறது. மலை இப்படிக் கொதிப்பது இவர்களால்தான் என்று ஊர் கேட்கத் திட்டுகிறவன் நான். இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தக் குட்டையில் குனிந்தவன் அவர்களில் ஒருவனுமில்லை.

போன வாரம் மழை பெய்தது. ஓடை ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. நீ காட்டியபடி ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, இருந்தபடியே திரும்ப வைத்து, இரண்டு நாள் தேடினேன். நான்கு.

கூட்டத்தில் 214ஐப் படிக்காதே அக்கா. நடந்ததைப் படி. யாரோ ஒரு தூண்டில்காரன் என்று என்னை மறைக்காதே. எண்ணியவர் பெயர் என்று உன் தாளில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே என் பெயர் அப்படியே இருக்கட்டும்.

மகன் நடக்கப் பழகியதும் அழைத்து வா. அவன் இந்தத் தண்ணீரில் கால் வைக்கும்போது, அந்த நான்கு குஞ்சுகளாவது உயிரோடு இருக்கட்டும்.

உன் முகத்தைப் பார்க்கக் கூசும் தம்பி,
வெர்லின்