தோளிலிருந்து பிடுங்கிய ஊக்கு

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை இப்போதுதான் தூங்கினான். மூச்சு சீராக வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விளக்கைத் தூண்டினேன்.

சாயங்காலம் டிரங்குப் பெட்டியில் உன் ஊசிமெத்தை அகப்பட்டது. மணிக்கட்டில் கட்டிக்கொள்வதற்காக ரவிக்கைத் துணியில் நீ தைத்துக் கொடுத்த சிவப்பு மெத்தை. பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. அதை முகர்ந்துகொண்டிருந்தபோது பிள்ளை எட்டிப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டான். வெடுக்கென்று பிடுங்கி எடுத்தேன். அதில்தானே அந்த ஊக்கைக் குத்தி வைத்திருக்கிறேன்.

பெட்டியைத் திறக்க வைத்தவள் யார் தெரியுமா? அவள்தான், பெங்களூரில் நாம் தையல் படித்தபோது மாதர் சங்கத் தலைவியாக இருந்தவள். மகளைக் கூட்டிக்கொண்டு காரில் ஓசூருக்கே வந்துவிட்டாள். மில்காரர்கள் நடத்தும் பேஷன் பரேடில் மகள் நடக்கிறாளாம். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் உட்காரப்போகிறார்களாம். சேலை கட்டிவிட நான் வரவேண்டுமாம். "முன்னே உன்கூட ஒருத்தி இருந்தாளே, கவனமே இல்லாதவ. அந்த மாதிரி ஆளுங்ககிட்ட விட எனக்குப் பயம். அதான் உன்னைத் தேடி வந்தேன்" என்றாள். நீ போய்விட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் காப்பி கொடுத்தேன். வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

திரைக்குப் பின்னால் சேலை கட்டிவிட நீ வேலை செய்த விதத்தை நான் மறக்கவில்லை. கேட்காமல் யார் மேலும் கை வைக்கமாட்டாய். ஒரு பெண்ணின் முதுகில் தீக்காயத் தழும்பு இருந்தது. கண்ணாடி பக்கம் அவள் திரும்புமுன் முந்தானையை இழுத்து மூடிவிட்டாய். அதைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று மாதர் சங்கத்துக்காக மில்காரர்கள் நடத்திய பரேடில், தலைவி கடைசியாக மேடைக்குப் போகவேண்டும். நீ மடிப்பு வைத்து, தோளில் ஊக்குக் குத்தி முடித்தாய். அவள் கண்ணாடியைப் பார்த்து, ஊக்கு தெரிந்தால் இல்லாத வீட்டுப் பெண் மாதிரி இருக்கும் என்று பிடுங்கி எறிந்தாள். தன் வைர புரூச்சைத் தோளில் குத்திக்கொண்டால் போதும் என்றாள். கனமான பட்டு, நிற்காது என்று நீ எடுத்துச் சொன்னாய். "சும்னே இரு" என்று கன்னடத்தில் அதட்டிவிட்டுப் போனாள். பாதி மேடையில் முந்தானை சரிந்தது. சபை சிரித்தது.

உள்ளே வந்ததும் எல்லார் முன்னாலும் உன்னைக் காட்டி, இந்த நாகரசம்பட்டிக்காரிக்கு ஊக்குக் குத்தக்கூடத் தெரியவில்லை என்றாள். கீழே கிடந்த ஊக்கை நான் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டப்போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வேண்டாம்டி. உள்ள நடக்கறத நாம வெளிய பேசினா, நாளைக்கு எந்தப் பொண்ணு நம்மள நம்பி சேலை மாத்துவா?"

உன்னை வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்த மில்காரர்கள் அப்புறம் எட்டியும் பார்க்கவில்லை. நீ ஊருக்குத் திரும்பினாய். அடுத்த மாங்காய்ப் பருவத்தில் ஜுரம் உன்னைக் கொண்டுபோய்விட்டது என்று உன் அண்ணன் சொன்னார். ஜுரம் மட்டும்தான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மகளின் தோளில் ஊக்கை ஒப்புக்குச் செருகி அனுப்பினால் என்ன என்று சாயங்காலம் முழுவதும் யோசித்தேன். அந்தச் சபை இன்னொரு தடவை சிரிக்கட்டுமே! ஆனால் காரில் ஏறும்போது அந்தப் பெண் என்னிடம், "அக்கா, நழுவாம குத்திவிடுவீங்க இல்ல?" என்று மெதுவாகக் கேட்டிருந்தாள். அவளுக்கு நன்றாகத்தான் குத்துவேன். உன் கை மாதிரியே குத்துவேன்.

அவள் மேடை ஏறியதும், திரைக்கு உள்ளேயே, தாய்க்காரியின் உள்ளங்கையில் உன் ஊக்கை வைத்து அழுத்துவேன். யாருடையது, எங்கே கிடந்தது, நீ என்ன ஆனாய் எல்லாம் காதோடு சொல்வேன். அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டார் இருப்பார்கள். அவளால் கத்த முடியாது. கேட்டுவிட்டு வெளியே போய்ச் சிரித்த முகமாக உட்கார வேண்டும். எனக்கு அது போதும்.

உள்ளே நடந்ததை உள்ளேதானே சொல்லப்போகிறேன்? அதற்கும் என் கையைப் பிடிப்பாயா? ஞாயிற்றுக்கிழமை கிளம்பவேண்டும். சீக்கிரம் பதில் போடு.