பூஜையில் வைத்த ஸ்பேனர்

வாசலில் பழைய கான்டசா உறுமிக்கொண்டிருந்தது. மந்தைவெளி வீட்டு வாசல் ஷெட்டில் மூன்று வருஷமாக வைரவன் கழற்றி மாட்டிய கார், இன்றுதான் முதல்முறையாக ஸ்டார்ட் ஆகியிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில், காலண்டர் தாளின் பின்பக்கம் மனைவிக்கு அவசரமாக எழுதினான்.

“வல்லி, சுண்டல் மூடி வச்சிருக்கேன். கோச்சுக்காத. நாளைக்கு மறுபூஜை முடியற வரைக்கும் தொடக்கூடாதுன்னு நீ சந்தனம் வச்ச ஸ்பேனரை எடுத்துட்டேன். ஒரே ஒரு நட்டுதான் முறுக்க வேண்டியிருந்துச்சு, மனசு கேக்கல. வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்.”

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. முதல் ரவுண்டு உன்னோடுதான் என்று அவளிடம் சொல்லி வைத்தவன் அவன். ஞாயிறுதோறும் காருக்கடியில் அவனுக்கு டார்ச் பிடித்தவள் அவள். “ஆயுத பூஜைக்காவது காரை விட்டுட்டு என்கூட கொலு பாக்க வாங்களேன்” என்று காலையில் கேட்டுப் பார்த்துவிட்டு, தனியாகத்தான் போயிருந்தாள்.

வைரவன் வாசலுக்குப் போய் இன்ஜினை அணைத்தான். ஸ்பேனரின் கிரீஸை வேட்டியில் துடைத்து, சந்தனம் வைத்து, சாமி முன்னால் பழைய இடத்திலேயே வைத்தான். பிறகு தாளின் அடியில் நுணுக்கி எழுதினான்.

“ரவுண்டு போகல. சாமிகிட்ட மன்னிப்பு கேட்டாச்சு, உன்கிட்டதான் பாக்கி. டயருக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்கப் போறேன். கார் சாவி இதுமேலயே இருக்கு. ஸ்டார்ட் ஆகலைன்னா நான் தள்ளறேன். நீ ஓட்டு.”