எதிர்க்கட்சிப் பாய்

18 சனவரி 2025, சனி

இன்றைக்குத் தமிழ் வகுப்பு குடியரசாகிவிட்டது. இரத்தம் சிந்தவில்லை. இடைவேளை போதாது என்று நாங்கள் போட்ட சத்தத்தில் பேரின்பநாதன் சேருக்குத் தலையிடி வந்தது, அவ்வளவுதான் புரட்சி. "சரி, நீங்களே ஆளுங்கோ. கட்சி வைச்சு, வாக்குப் போட்டு, சனாதிபதியைத் தெரிவு செய்யுங்கோ. நான் கதிரையில இருந்து பாக்கிறன்" என்றார்.

பெரிய வகுப்பு, சின்ன வகுப்பு எல்லாம் சேர்த்துக் குடிமக்கள் முப்பத்தொன்பது பேர். பாராளுமன்றம், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட மண்டபம். பனிச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டுப் பாயில் இருக்க வேண்டும். எங்கள் சனநாயகம் ஈரக் காலுறை மணக்கிறது.

உடனே கட்சி தொடங்கினேன்: இடைவேளை நீட்டிப்பு முன்னணி. சின்னம், இடைவேளையில் நாங்கள் தின்னும் ரோல்ஸ். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வித்தியாவிடம் சுவரொட்டி எழுதித் தரச் சொன்னேன். அவள் எழுத்து அச்சு மாதிரி. ஏழு வயதிலிருந்து என் குழப்படி எல்லாவற்றிலும் பாதிப் பங்கு அவளுக்கு.

"கஜந்தினிக்கு எழுதித் தாறன் எண்டு சொல்லிப்போட்டனே."

"ஆர் கஜந்தினி?"

"லாசால் பக்கத்தில இருந்து வாறவ. அவவும் கேக்கிறா."

யாரென்று தெரியாமலா கேட்டேன்? போன வருடம் வந்தவள். எப்போதும் முன்வரிசை, எப்போதும் முழுப் புள்ளி. அவளுடைய கட்சி 'மாணவர் குரல்'. தொண்டை கட்டட்டும்.

19 சனவரி

பொறுமைக்கும் பொறாமைக்கும் நடுவில் ஒரே ஒரு துணைக்கால்தான். அந்தக் கால் இன்றைக்கு முழுக்க என் நெஞ்சில் உதைக்கிறது.

25 சனவரி, சனி

பிரசாரக் கூட்டம். நான் பேசினேன். சேர்கூடச் சிரித்தார்.

பிறகு கஜந்தினி. ஒரு பகிடி இல்லை. "சின்னப் பிள்ளைகள் விளங்காட்டியும் பேசாம இருக்காங்க. பிரெஞ்சில கேட்டா ஏச்சு விழும் எண்டு பயம். முதல்ல பிரெஞ்சில கேக்கட்டும். பொறகு அதையே தமிழில கேக்கப் பழகட்டும்." அவ்வளவுதான். போய் இருந்துவிட்டாள்.

முதலில் கைதட்டியது எட்டு வயது நிதுசன். இவ்வளவு நாளும் வகுப்பில் வாயே திறக்காதவன். பிறகு சின்ன வகுப்பு முழுக்க. பிறகு வித்தியா, விரலெல்லாம் சுவரொட்டி மை.

எனக்குக் கிடைத்தது சிரிப்பு. அவளுக்குக் கிடைத்தது கைதட்டு. எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நானும் அந்த வயதில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள்தானே — இல்லை, நான் இருக்கவில்லை. அதனால்தான் தோன்றவில்லை.

26 சனவரி

சாப்பிடும்போது அப்பா கேட்டார், எதிர்க்கட்சி ஆர் என்று. கஜந்தினி எண்டு ஒரு மட்டக்களப்புப் பிள்ளை என்றேன்.

"கவனம் பிள்ளை. அங்கத்தை ஆக்கள் மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வைச்சிடுவினம்."

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்துப் பகிடியாம். வேலைக்கு அங்கே போனவர்கள் கலியாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டால் இப்படித்தான் சொல்வார்களாம். அம்மா, "விசர்க் கதை கதையாதேங்கோ" என்றா. நான் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக ஒரு யோசனையும் வந்தது.

1 பெப்ரவரி, சனி

மூலைக்கடை டெப்பனரில் இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா வாங்கினேன். கஜந்தினி இருக்கும் இடத்தில் பாயில் நாலு துண்டு. பின்சுவரில் என் கோணல் எழுத்தில்: "ஒட்டாதீர்! ஓட்டுப் போடுவீர் துவாரகாவுக்கே!"

அவள் எழும்ப, பாயும் கூடவே எழும்பியது.

மண்டபம் அதிர்ந்தது. "மட்டக்களப்புப் பாய்!" என்று என் கட்சிப் பிருந்தன் கத்தினான். கூட்டிப்போக வந்து நின்ற அம்மா அப்பாமாரும் சிரித்தார்கள். எல்லாரும் இல்லை. சிலர் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கஜந்தினி நாடாவை நகத்தால் உரித்து, உருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து அதே பாயில் இருந்தாள். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழாமல் இருக்கிறதையும் நல்லாச் செய்யிறாள், பார்.

வித்தியா சிரிக்கவில்லை.

4 பெப்ரவரி

வித்தியாவுக்கு ஆறு செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

பிருந்தனின் அம்மா எங்கள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தா. "பயப்பிடாதேங்கோ, எங்கட பக்கத்துப் பிள்ளையள் எல்லாம் துவாரகாவுக்குத்தான் போடும். எங்கட ஊர்ப் பிள்ளை எல்லோ."

நான் பிறந்தது மொன்றியலில். ரோல்ஸ் கட்சி எப்போது ஊர்க்கட்சியானது?

8 பெப்ரவரி, சனி

வென்றுவிட்டேன். இருபத்திரண்டுக்குப் பதினேழு.

நிதுசன் பக்கத்தில் வந்து, "அம்மா உங்களுக்குப் போடச் சொன்னவ" என்றான், ஊசி போட்டுவிட்டு வந்த முகத்தோடு. மெர்சி என்றேன். வேறென்ன சொல்ல?

15 பெப்ரவரி, சனி

முதல் அமர்வு. ஆளுங்கட்சிக்கு ஒரு பாய், எதிர்க்கட்சிக்கு ஒரு பாய். சனாதிபதிக்கு முன்னுக்குத் தனிப் பாய். பக்கத்தில் ஆளில்லை.

எதிர்க்கட்சிப் பாயில் கஜந்தினி ஏதோ சொல்ல வித்தியா சிரிக்கிறாள். என்ன பகிடி? நல்ல பகிடியா? என்னுடையதை விட நல்லதா? நாட்டின் தலைவி நான், அந்தப் பாயில் ஒரு சாண் இடம் இருக்குமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெக்கக்கேடு.

பிறகு வித்தியா எழும்பினாள். என்னைப் பார்க்காமல் சேரைப் பார்த்துச் சொன்னாள்:

"என்ர அம்மாவும் மட்டக்களப்புத்தான். துவாரகா எங்கட வீட்டில சாப்பிடாத கிழமை இல்லை. அவ எங்கையும் ஒட்டினதை நான் காணேல்ல. போன கிழமை எல்லாரும் ஊருக்கு வாக்குப் போட்டிட்டினம். திரும்ப ஒருக்கா ஆளுக்குப் போடவேணும்."

அவளுடைய அம்மாவின் ஊர் களுவாஞ்சிக்குடி. எனக்குத் தெரியாததா? நண்டுக்கறி வைத்தால் எனக்கென்று ஒரு கால் எடுத்து வைக்கிறவ. நாடா ஒட்டும்போது அந்த முகம் ஏன் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை? கஜந்தினியை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கை தூக்கச் சொன்னார் சேர். நிதுசன், பின்னால் நின்ற தாயை ஒருமுறை பார்த்துவிட்டு, வித்தியாவின் பக்கம் தூக்கினான். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

"சமன்," என்றார் சேர். "சனாதிபதியின்ர கைதான் முடிவு."

"இரு துவா, பேசாம இரு. நீ வெண்டிட்டாய்," என்றான் பிருந்தன்.

இருந்திருக்கலாம். மறுதேர்தல் வைத்தால் தோற்பேன் என்று தெரியும். அவள் அந்த முன்பாயில் இருப்பாள் என்றும் தெரியும். வயிறு எரிந்தது. எரிய எரியத்தான் கையைத் தூக்கினேன்.

"உனக்கென்ன விசரோ?" — பிருந்தன்.

வித்தியா திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கஜந்தினிக்குப் பக்கத்திலேயே போய் இருந்தாள்.

22 பெப்ரவரி, சனி

வாக்குப் போட முன்னர் கஜந்தினியிடம் போய், "அந்த நாடா நான் ஒட்டினது, சொறி" என்று மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்," என்றாள். "நல்ல நாடாதான். காற்சட்டை இன்னும் பாயைத் தேடுது."

இவளுக்குப் பகிடியும் வருமாம். இது பழைய எரிச்சலைவிடப் பெரிய எரிச்சல்.

தோற்றுவிட்டேன். எத்தனை வாக்கு என்று எழுதப்போவதில்லை. எழுதுகிற அளவுக்கு இல்லை.

எதிர்க்கட்சிப் பாயில் நானும் பிருந்தனும் இன்னும் கொஞ்சப் பேரும். முன்பாயில் கஜந்தினி. தனியாக இருக்க மாட்டேன் என்று வித்தியாவையும் செயலாளர் ஆக்கிப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். எனக்கு ஏன் அந்த யோசனை வரவில்லை என்று கேட்பதை இந்தக் கிழமையோடு நிறுத்த வேண்டும்.

முதல் சட்டம்: பிரெஞ்சில் கேள்வி கேட்கலாம். "எதிர்க்கட்சித் தலைவிக்குச் சொல்ல ஏதும் இருக்கா?" என்று கஜந்தினி கேட்டாள். எழும்பினேன்.

"மாண்புமிகு சனாதிபதி அவர்களே, எதிர்க்கிறதுதான் எங்கட தொழில். ஆனா இதில பிழை ஒண்டும் பிடிபடேல்ல. கண்டுபிடிக்க ஒரு கிழமை தவணை தாங்கோ."

சேர் இருமினார். நிதுசன் வாயைப் பொத்திக்கொண்டான். வித்தியா மட்டும் தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க எதையோ எழுதுகிறமாதிரி நடித்தாள்.

கஜந்தினி அவள் பக்கம் சரிந்து, "என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

கஜந்தினி என்னைப் பார்த்தாள். பிறகு அவளை. பிறகு திரும்பவும் என்னை — போன கிழமை நான் எட்டிப் பார்த்த அதே மாதிரி.