கப்பல்காரருக்கு நேர்ந்த மொட்டை

பிப்ரவரி 9
நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூ வரத்து குறைவு, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். தம்பி மோகன்குமார் ஸ்பெயினிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். செவில் என்று ஒரு பழைய ஊர், அங்கே ஓட்டலில் சமைக்கிறான். வேலைக்குப் போகிற வழியில் தினமும் எனக்கு ஏதாவது கட்டடம் காட்டுவான். இன்று ஒரு கோபுரம். உள்ளே படியே கிடையாதாம், சரிவுப் பாதைதானாம், அந்தக் காலத்தில் குதிரையிலேயே மேலே போவார்களாம். "பழனியில யானைப்பாதையே இருக்கு, நீ குதிரையச் சொல்ல வந்துட்டியாக்கும்" என்றேன். அதோடு போனை வைத்துவிட்டான்.

பிப்ரவரி 11
பெரிய சர்ச்சுக்குள்ளேயே போனைக் கொண்டுபோனான். பீடம் முழுக்கத் தங்கம். ஒரு பக்கம் நாலு ராஜா சிலை, தோளில் சப்பரம் தூக்கி நிற்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். தம்பிக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, ஒரு பெண்ணும் அமையவில்லை. அமைந்தால் அவனுக்கு உங்க சன்னதியிலேயே மொட்டை போடுகிறேன் என்று சப்பரத்துச் சாமியிடம் நேர்ந்துகொண்டேன்.

மார்ச் 2
ஒட்டன்சத்திரத்திலிருந்து சம்பந்தம் வந்திருக்கிறது. காய்கறி மண்டிக்காரர் ராமரின் மகள் பரணி. நல்ல களையான பிள்ளை.
"கேட்டவொடனே கொடுத்துட்டாரு, பாத்தீகளா" என்றேன் என் வீட்டுக்காரர் இருளப்பனிடம்.
"யாரு?"
"சப்பரத்துல இருந்தவரு."

மார்ச் 5
தம்பியிடம் மொட்டை விஷயத்தைச் சொன்னேன்.
"அக்கா, அது சப்பரம் இல்ல. சவப்பெட்டி."
"யாரோடது?"
"கொலம்பஸ். கப்பல்ல போயி அமெரிக்காவக் கண்டுபிடிச்சவரு."
கல்யாணம் அமையணும் என்று போயும் போயும் ஒரு பிணத்திடமா வேண்டினேன்? சாப்பிட்டுக்கொண்டிருந்த இருளப்பன் சிரித்த சிரிப்பில் வெஞ்சனக் கிண்ணம் கவிழ்ந்தது.

மார்ச் 6
பூ வியாபாரி சூசைராஜ் அண்ணனிடம் கேட்டேன். வேதக்காரர், விவரம் தெரியும்.
"அவரு புனிதர் இல்ல தாயி. நேர்ந்தது செல்லாது. வேணும்னா வேளாங்கண்ணியில போடச் சொல்லு."
"கேட்டதக் கொடுத்தது இவருதானேண்ணே?"
அண்ணன் மல்லிகையை அளக்கப் போய்விட்டார்.
தம்பியோ முடியவே முடியாது என்கிறான். இருப்பதே நாலு முடி, அதை மணமேடைக்கென்று காப்பாற்றி வைத்திருக்கிறானாம்.

மார்ச் 20
ராமர் பின்வாங்குகிறார். வெளிநாட்டு மாப்பிள்ளை, அங்கே எப்படி நடந்துக்கிறானோ யாரு கண்டா என்கிறாராம். எனக்குத் தெரியாதா எதனால் என்று? பெட்டிக்குள்ள இருந்தாலும் அவருக்குச் சேர வேண்டியது சேரணும்ல — சாயங்காலம் போனில் அழுதுட்டேன். எந்நேரமும் கேலி பேசுற அக்கா அழுதா தம்பிக்குத் தாங்காது.

மார்ச் 22
போட்டுவிட்டான்.
கடையில் சிரைத்து, முடியைப் பொட்டலம் கட்டிச் சர்ச்சுக்குக் கொண்டுபோயிருக்கிறான். வாசலில் காவலாளி பிரித்துப் பார்த்தாராம். அப்புறம் இவன் தலையைப் பார்த்தாராம். ஒன்றுமே கேட்காமல் உள்ளே விட்டுவிட்டார். ராஜாக்கள் காலடியில் வைக்கப் பயந்து, முற்றத்து ஆரஞ்சு மரத்தடியில் புதைத்திருக்கிறான். தலை பனங்காய் மாதிரி இருக்கிறது. சந்தனம் கிடைக்கவில்லை என்று தயிர் தடவியிருந்தான்.

மார்ச் 25
அந்த மொட்டைப் படத்தை இருளப்பன் ராமருக்கு அனுப்பித் தொலைத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். ராமரே கூப்பிட்டார்.
"ஏனுங்க, அக்கா சொன்னீங்கன்னு அம்புட்டுத் தூரத்துல, ஊரே பாக்க மொட்டை போட்டுக்கிட்டாரு?"
"ஆமாங்க. அழுதேன், போட்டுட்டான்."
"அப்ப தப்புத்தண்டாவுக்குப் போற ஆளில்லைங்க. தேதி குறிச்சுக்கலாம்."
பின்னால் பரணியின் குரல் கேட்டது: "முடி வளரட்டும்னு தள்ளிப்போட வேண்டாம்னு சொல்லுங்கப்பா."

மே 19
கல்யாணம் முடிந்தது. தாலி கட்டும்போது தலைப்பாகை வழுக்கி மாமனார் மடியில் விழுந்தது.

நவம்பர் 14
பரணி அவனோடு அங்கே போனதிலிருந்து கோபுரம், கோட்டை, ஆற்றங்கரை எல்லாம் அவளோடுதான் சுற்றுகிறான். ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுகிறான், அதுவும் சில வாரம் மறந்துவிடுகிறது. இன்று ஞாயிறு, தட்டுப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அடிக்கவில்லை. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார் அந்தக் கப்பல்காரர், அவர்மேல் குறை சொல்ல ஆகாது.