கியோத்தோவில் எடுத்து வைத்த உடுப்பு

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
சனிக்கிழமை

அன்புள்ள மச்சாளுக்கு,

கீர்த்திகன் எழுதுகிறேன். நானும் மகள் சாம்பவியும் சுகம். லண்டன் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கதைக்கத் தொடங்கினால் உங்களுக்கு அழுகை வந்துவிடுகிறது, நானும் ஏதோ சாட்டுச் சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் ஈமெயிலில் எழுதி அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசியுங்கள்.

யப்பான் பயணத்தை நிறுத்தச் சொல்லிப் போன கிழமையும் சொன்னீர்கள். "முதல் வருச ஆட்டைத்திவசம் முடியமுன்னம் உல்லாசப் பயணம் போற வீடு எங்கையும் இருக்கோ தம்பி? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டீர்கள். சனம் சொல்லத் தொடங்கிவிட்டது. தமிழ்க் கடையில் சண்முகலிங்கம் அண்ணை என்னைக் கண்டுவிட்டு, "என்னடாப்பா, யப்பானோ? வரேக்க ஒரு சுமோக்காரனைக் கூட்டிக்கொண்டு வா, எங்கட வாசல் ஸ்னோவைத் தள்ளட்டும்" என்று பகிடி விட்டார். அவருடைய மனைவி முழங்கையால் அவரை இடித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பாலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பயணம் முழுக்க உங்கள் தங்கச்சி பிரஷாந்தினியின் ஏற்பாடு என்பது உங்களுக்குத் தெரியும். நாராவில் தலை குனிந்து பிஸ்கட் வாங்குகிற மான்கள், கியோத்தோவில் மூங்கில் காடு, மலை ஏறும் வழி நெடுகச் சிவப்பு வாசல்கள் எல்லாவற்றையும் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்று நின்றாள். எனக்கு லிப்ட் திருத்துகிற வேலை என்பதால், "உங்களை விட்டால் ஒசாக்கா கோட்டைக்குள்ள லிப்ட் மோட்டரைத்தான் பாத்துக்கொண்டு நிப்பியள்" என்று நக்கலடிப்பாள். ஈஸ்டர் விடுமுறைப் பயணத்துக்கு மாசி மாதமே சூட்கேஸைத் திறந்து வைத்தவள் அவள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாசிக் கடைசியில் அன்று காலை பிரஷாந்தினி வேலைத்தளத்தில் விழுந்தாள், பிறகு எழும்பவில்லை. பள்ளிக்கூடம் போகமுதல் தலை பின்னிவிட்ட தாயைத்தான் சாம்பவி கடைசியாகப் பார்த்தாள். சின்னப் பிள்ளை, தாயைக் கிடத்தின பெட்டியைக் காட்ட வேண்டாம், மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று பெரியாட்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். லண்டனிலிருந்து ஓடிவந்த நீங்கள்தான் அவளுடன் வீட்டில் நின்றீர்கள். அம்மா எங்கே என்று அவள் கேட்டபோது, திறந்து கிடந்த சூட்கேஸைப் பார்த்து, "அம்மா முந்தி யப்பானுக்குப் போயிட்டா குஞ்சு. பேந்து நீங்களும் அப்பாவும் போவியள்" என்று சொன்னீர்கள். அந்த நேரம் நான் தகனசாலையில், அங்கே வேலை செய்கிறவர்கள் காட்டிய அடுப்புப் பொத்தானை அமத்திக்கொண்டு நின்றேன். உங்கள் இடத்தில் நின்றிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இதைக் குற்றமாக எழுதவில்லை.

ஆனால் சாம்பவி அதை அப்படியே நம்பி வைத்திருக்கிறாள். அம்மா கியோத்தோவில் நிற்கிறா, கூட்டிவரப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய ஆசிரியை மதாம் எலோடி எனக்குப் போன் எடுத்து, வகுப்பில் என்ன சொல்லட்டும் என்று கேட்டா. பின்னேரங்களில் பிள்ளை யப்பானுக்குப் போன உல்லாசப் பயணிகளின் வீடியோக்களைப் போடுவாள். சிவப்பு வாசல்களுக்குள்ளால் சனம் நடந்து போகும். நீளத் தலைமுடியோடு யாரைக் கண்டாலும் நிறுத்திவிடுவாள்.

"அப்பா, இது அம்மாவோ?"

"இல்லைம்மா."

"முகம் தெரியேல்லையே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நேற்று இன்னொன்று நடந்தது. வெளிநாட்டுக்காரருக்குக் கிமோனோ வாடகைக்குக் கொடுக்கிற கியோத்தோக் கடை ஒன்றிலிருந்து ஈமெயில் வந்தது. தாயும் மகளும் ஒரே நிறத்தில் உடுத்துப் படம் எடுக்கப் பிரஷாந்தினி பதிந்து வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. உடுப்புகளை எடுத்து வைத்துவிட்டோம், தாயின் உயரத்தை மட்டும் உறுதிப்படுத்துங்கள் என்று எழுதி, பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாகப் படமும் அனுப்பியிருந்தார்கள். தாயின் டாப்லெட் பிள்ளையின் கையில் இருந்தது. குசினிக்குள் ஓடி வந்தாள்.

"பாருங்கோ அப்பா! அம்மா உடுப்பு எடுத்து வைச்சிட்டா. என்ரையும் எடுத்து வைச்சிருக்கிறா!"

இனியும் விடக்கூடாது என்று அவளைப் படிக்கட்டில் இருத்தினேன். "அம்மா இனி வரமாட்டா" என்றேன்.

"ஓம். நாங்கள்தானே போறம்" என்றாள்.

"அங்கையும் அம்மா இல்லை, சாம்பவி."

என்னை நல்லாகப் பார்த்தாள். "பெரியம்மா பொய் சொல்லமாட்டா. எங்களைப் போகவிடாமல் வைக்க நீங்கள்தான் பொய் சொல்லுறியள்."

அதற்குப் பிறகு சொல்ல ஒரேயொரு சொல்தான் மிச்சம் இருந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை. அவள் எழும்பிப் போய்த் தன் சப்பாத்தை சூட்கேஸுக்குள் வைத்தாள். நேற்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. சோறு தீத்தப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

புதன்கிழமை விமானம். இப்படியே கூட்டிப்போனால் இறங்கின இடத்திலேயே ஒவ்வொரு முகமாகத் தேடத் தொடங்குவாள். ஊர் ஊராகத் தேடுவாள். திரும்பி வரும் நாள் அவளை விமானத்தில் ஏற்ற என்னால் முடியாது. நீங்கள் சொல்வதுபோல நிறுத்தினால், அம்மாவை அங்கே தனியே விட்டது அப்பாதான் என்று ஆகிவிடும். அதை அவள் வளர்ந்த பிறகும் மறக்கமாட்டாள்.

மச்சாள், அவள் நம்புவது உங்களைத்தான். நாளைக்கு எங்கள் காலை நேரத்தில் வீடியோவில் எடுங்கள். உங்கள் மகன் றொசானையும் பக்கத்தில் இருத்துங்கள், நீங்கள் தனியே இருந்து சொல்ல வேண்டாம். அன்றைக்குப் பெரியம்மா பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று தொடங்குங்கள். நித்திரை கொள்கிறா, சாமியிடம் போய்விட்டா என்றெல்லாம் சொல்லாதீர்கள், பிறகு அங்கேயும் தேடுவாள். அந்தச் சொல்லையே சொல்லுங்கள். உங்களுக்கு அவள் கூடப் பிறந்த தங்கச்சி. நான் என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

கேட்ட பிறகும் யப்பானுக்குப் போக வேண்டும் என்று சாம்பவி சொன்னால் கூட்டிப்போவேன், சனத்துக்கு நான் பதில் சொல்வேன். வேண்டாம் என்றால் வீட்டிலேயே இருப்போம்.

நீங்கள் சொல்லும்போது அவளை மடியில் வைத்திருப்பேன். இந்த வீட்டுக்குள் அதை இன்னும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படியாகச் சொல்லுங்கள், மச்சாள்.

நாளைக் காலை உங்கள் அழைப்பைப் பார்த்திருக்கும்,
கீர்த்திகன்