மாப்பிள்ளை அனுப்பிய கிளாரினெட்டுகள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், என் மூட்டுவலியும் என்னைவிட்டுப் பிரிய மனமில்லாமல் நலமாகவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், நீ எழுதினால் அல்லவா தெரியும்.

மாப்பிள்ளை அனுப்பிய பெட்டி வந்தது. உள்ளே ஆறு பழைய கிளாரினெட்டுகள். உன் அப்பாவின் வாத்திய ரிப்பேர் கடையில் மதிப்புச் சொன்னது அப்பா இல்லை, நான்தான் என்று மாப்பிள்ளைக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இவற்றைச் சரிசெய்து விற்கலாம் என்றிருக்கிறேன், எது தேறும் என்று பார்த்துச் சொல்லுங்கள் அத்தை என்று மரியாதையாகக் கேட்டார். பின்னாலேயே உன் செய்தி, எல்லாம் குப்பை என்று சொல்லிவிடு அம்மா, அப்போதுதான் வேலையை விடமாட்டார் என்று. பெற்றவளைப் பொய் சொல்லச் சொல்லும் இரண்டு வரியில் ‘குப்பை’க்கு ஒரு ‘ப்’பைக் காணோம். கன்னியாஸ்திரிகளிடம் அடிவாங்கி எழுத்துப் படித்தவளின் மகள் நீ.

உன் மாமா வேறு உதவிக்கு வந்துவிட்டான். வங்கியில் ஓய்வுபெற்றதிலிருந்து என் தம்பிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. ஒன்றில் ஹெச்.பி. என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு, “அக்கா, ஹார்ஸ் பவரே போட்டிருக்கான் பாரு” என்றான். அது ஹை பிட்ச், அந்தக் காலத்துச் சுருதி, இன்றைக்கு எந்த வாத்தியத்தோடும் சேராது, உன்னைப்போல என்றேன். பளபளவென்று இருந்த இன்னொன்றை, இதுதான் சரக்கு என்று மடியில் வைத்துக்கொண்டான். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தேன். துணியில் ஷூ பாலிஷ், மரத்தில் நீள வெடிப்பு. மூன்றாவதற்கு மேல்துண்டில் ஓர் எண், கீழ்த்துண்டில் வேறு எண், பொருத்தம் பார்க்காமல் கட்டிவைத்த ஜோடி. அடுத்தது மரமே இல்லை, கெட்டி ரப்பர், பச்சை பூத்துக் கந்தக நாற்றம் அடிக்கிறது. ஐந்தாவதில் விரலால் அழுத்துகிற சாவிகள் ஆடுகிற ஆட்டத்துக்கு உன் மாமாவின் பல்செட் தேவலை.

கடைசியாக அடியில் கிடந்ததுதான் பார்க்கப் படுமோசம். துளைகளை மூடுகிற பேடுகளைப் பூச்சி தின்றிருக்கிறது, கார்க் உதிர்கிறது, வெள்ளி கறுத்துவிட்டது. “இத மொதல்ல தூக்கிப் போடுக்கா” என்றான். பேடும் கார்க்கும் வாங்கி ஒட்டுகிற சமாச்சாரம். மரத்தில் ஒரு கீறல் இல்லை, துளைகளின் விளிம்பு பெயரவில்லை, எண்கள் ஒத்துப்போகின்றன, சாவிகள் அசையவில்லை. முதல்தரம். மற்றவை விறகுபோல் கிடக்க, இதை மட்டும் மாப்பிள்ளை தன் நல்ல சட்டையில் சுற்றி, சட்டைக் கைகளை முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறார். எது தேறும் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். கிளாரினெட்டை மதிப்பிட அனுப்பவில்லையடி, மாமியாரை மதிப்பிட அனுப்பியிருக்கிறார்.

ஆகவே நீ கேட்ட பொய் என்னிடம் இல்லை. ஐந்து குப்பை, ஒன்று தங்கம் என்று நாளைக்கே சொல்லப்போகிறேன். ஒன்றை நம்பி வேலையை விடுகிறவருக்கு என்ன பெயர் என்பதையும் மரியாதை குறையாமல் சொல்வேன். ஆனால் சம்பளம் நின்றால் உனக்குப் பயம் என்பதை நான் சொல்லமாட்டேன். அவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவள் நீ. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் வராமல், கடல் தாண்டி என் வாயை இரவல் கேட்கிறாய்.

இருவரும் ஒற்றுமையாய், நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ என் ஆசிகள். இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

இப்படிக்கு,
உன் அம்மா